துண்டு போட்டுப் போனவர்கள்

மாலை ஏழு மணி. கூடத்தில் மின்விசிறிகள் நின்றுவிட்டன. கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் மட்டும் பையைத் தோளில் மாட்டியபடி, கிளம்ப முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். பாக்கி ஒரே ஒரு வேலை. அலுவலகம் முழுவதும் பயன்படுத்தும் டேட்டாபேஸ் கோப்பைச் சுருக்கிச் சரிபார்த்து, ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். பத்து நிமிடத்தில் முடியும். ஆனால் திரை மறுக்கிறது: கோப்பை வேறு யாரோ திறந்து வைத்திருக்கிறாராம்.

கைபேசியை எடுக்கிறார். “அக்கா, உங்க மிஷின்ல ஆக்சஸ் க்ளோஸ் பண்ணீங்களா?”

“ஐயோ, இல்லையே தம்பி. பஸ் போயிடும்னு மானிட்டரை மட்டும் ஆஃப் பண்ணிட்டு ஓடி வந்துட்டேன். ஏன், ஏதாவது பிரச்சினையா?”

மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் ஓடும் சிறு அலுவலகங்களில் இந்த உரையாடல் ஏதாவது ஒரு வடிவில் நடந்துகொண்டேதான் இருக்கிறது. சில இடங்களில் அந்த அக்கா போனை எடுப்பதில்லை.

ஆக்சஸ் சந்தைக்கு வந்தது 1992 நவம்பரில். பெரிய நிறுவனங்களின் டேட்டாபேஸ்களுக்கும் இதற்கும் அடித்தளத்திலேயே ஒரு வேறுபாடு உண்டு. ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல் போன்றவற்றில் தகவலுக்கு முன்னால் சர்வர் நிரல் ஒன்று உட்கார்ந்திருக்கும். வங்கிக் கவுன்ட்டர் மாதிரி. நாம் சலானை நீட்டினால் போதும், பெட்டக அறைக்குள் போய்வருவது அந்தப் பக்கத்து ஆள். ஆக்சஸில் கவுன்ட்டரே கிடையாது. பொது ஃபோல்டர் ஒன்றில் கோப்பு இருக்கிறது. பத்துப் பேர் அவரவர் கணினியிலிருந்து நேராகப் பெட்டக அறைக்குள் நுழைந்து, எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறார்கள். ஒருவர் கை வைத்த இடத்தில் இன்னொருவர் கை வைத்துவிடக் கூடாதே. அதற்காக அதே ஃபோல்டரில் சின்னக் கோப்பு ஒன்று தானாக முளைக்கும். பழைய பதிப்புகளில் அதன் பெயர் எல்டிபி என்று முடியும். 2007 பதிப்பிலிருந்து எல்ஏசிசிடிபி. அலுவலகப் பேச்சில் இரண்டுமே லாக் ஃபைல்தான்.

லாக் ஃபைலை வருகைப் பதிவேடு எனலாம். ஓர் ஆளுக்கு 64 பைட் ஒதுக்கீடு. கணினியின் பெயருக்கு 32, பயனர் பெயருக்கு 32. ஒரே நேரத்தில் அதிகபட்சம் 255 பேர் என்பது ஆக்சஸின் வரம்பு என்பதால் பதிவேடு 16 கிலோபைட்டைத் தாண்டாது. கடைசி ஆள் வெளியேறும்போது அதுவும் அழிந்துவிடும். அழியாமல் கிடக்கிறது என்றால் உள்ளே யாரோ இருக்கிறார், அல்லது யாரோ ஒழுங்காக வெளியேறாமல் போயிருக்கிறார்.

யார் அவர் என்று பார்க்க அந்தக் கோப்பை நோட்பேடில் திறப்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பாதி ஏமாற்றம் காத்திருக்கும். ஒருவர் வெளியேறியதும் அவர் பெயர் அடிக்கப்படுவதில்லை. அடுத்து வருபவர் அந்த இடத்தில் தன் பெயரை எழுதும்வரை பழைய பெயர் அப்படியே நிற்கும். மதியமே வீட்டுக்குப் போனவர் பெயரும் அங்கே இருக்கும். இப்போது உள்ளே இருப்பவர் பெயரும் இருக்கும். பயனர் பெயர் என்ற இடத்திலோ, தனியாகப் பாதுகாப்பு ஏற்பாடு செய்யாத அலுவலகங்களில் எல்லோருக்கும் ஒரே பெயர்: அட்மின். பத்து ஊழியர், பத்து அட்மின். மிஞ்சுவது கணினியின் பெயர் மட்டும். அதுவும் ‘டெஸ்க்டாப்’ என்று தொடங்கி எழுத்தும் எண்ணும் கலந்த நீளப் பெயராக இருந்தால், எந்த மேஜை என்று எழுந்து நடந்துதான் தேட வேண்டும். ஆக்சஸ் 2000-உடன் வந்த ஜெட் 4 எஞ்சின், இப்போது உண்மையில் இணைந்திருப்பவர் யார், முறையில்லாமல் துண்டிக்கப்பட்டவர் யார் என்று நிரல் வழியாகக் கேட்டறிய வழி செய்தது. அப்போதும் கிடைப்பது பெயர்தான். ஆளை வெளியே அனுப்பும் பொத்தான் எதையும் ஆக்சஸ் தரவில்லை.

பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிப்பவரை எல்லோருக்கும் தெரியும். துண்டு சீட்டில் கிடக்கும். ஆள் டீக்கடையில் நிற்பார். நின்றுகொண்டு பயணம் செய்ய வேண்டியவர் அந்தத் துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்காரலாமா, கூடாதா என்று தவிப்பார். டேட்டாபேஸில் செஷன் என்று சொல்லப்படுவதும் துண்டுதான். உள்ளே நுழையும்போது விழுகிறது. வெளியேறும்போது எடுக்கப்பட வேண்டும். நடுவில் ஆள் இருக்கிறாரா என்பது துண்டுக்குத் தெரியாது.

துண்டு கிடப்பதால் என்ன நஷ்டம்? முதல் நஷ்டம் பராமரிப்பில். ஆக்சஸ் கோப்பில் ஆயிரம் பதிவுகளை அழித்தாலும் கோப்பின் பருமன் குறையாது. காலியான இடம் உள்ளேயே கிடக்கும். ‘காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்’ என்ற வேலையைச் செய்தால்தான் சுருங்கும். கோப்பு 2 ஜிபிக்கு மேல் வளர முடியாது என்பதால் இந்த வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்க முடியாது. ஆனால் அதைச் செய்ய கோப்பு ஒருவர் கையில் மட்டும் இருக்க வேண்டும். அட்டவணையில் புதிதாக ஒரு கட்டம் சேர்ப்பதற்கும் இதே கதைதான்: அதை வேறு யாரும் திறந்து வைத்திருக்கக் கூடாது. ஒரே ஒரு துண்டு கிடந்தாலும் ஆகாது.

இரண்டாவது நஷ்டம் சக ஊழியருக்கு. ஒரு பதிவைத் திருத்தத் தொடங்கியதுமே அதைப் பூட்டிவிடும்படி ஃபார்மை அமைத்திருந்தால், ஒரு எழுத்தைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போனவர் திரும்பி வரும்வரை அந்த வாடிக்கையாளர் கணக்கை வேறு யாரும் திருத்த முடியாது. பதிவின் இடது ஓரத்தில் குறுக்குக் கோடு போட்ட வட்டம் மட்டும் தெரியும். ஆக்சஸ் 97 வரை பூட்டு இன்னும் முரடாக இருந்தது. பதிவைப் பூட்டத் தெரியாது. அது இருக்கும் 2 கிலோபைட் பக்கத்தையே பூட்டும். அதனால் அதே பக்கத்தில் இருந்த பாவப்பட்ட பக்கத்துப் பதிவுகளும் மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவதுதான் பெரியது. திறந்து வைத்துவிட்டுப் போன மடிக்கணினி சிறிது நேரத்தில் தானாகத் தூங்கிவிடும். தூங்கும்போது நெட்வொர்க் இணைப்பு அறுந்துபோகும். ஆக்சஸில் எழுதுகிற வேலையை அந்தந்தக் கணினியே செய்வதால், எழுத்து பாதியில் நிற்கும்போது இணைப்பு அறுந்தால் கோப்பே சிதைந்துபோகலாம். மறுநாள் காலை முதலில் வருபவருக்கு, கோப்பு சீரான நிலையில் இல்லை என்ற செய்தி வரவேற்புக் கொடுக்கும். இதே காரணத்தால்தான், நெட்வொர்க் சர்வரில் ‘திறந்திருக்கும் கோப்புகள்’ பட்டியலுக்குப் போய் வலுக்கட்டாயமாக இணைப்பைத் துண்டிப்பதை அனுபவசாலிகள் கடைசி வழியாக வைத்துக்கொள்கிறார்கள். துண்டை எடுக்கப் போய் சீட்டைக் கிழிப்பது மாதிரி அது.

ஆகவே வெளியேற்றம் உள்ளிருந்தே நடக்க வேண்டும். ஊழியரின் கணினியில் ஓடும் நிரலே, “ஆள் இல்லை போலிருக்கிறது” என்று முடிவெடுத்து, தானே கதவைச் சாத்திக்கொண்டு வர வேண்டும். 1990-களிலேயே மைக்ரோசாஃப்ட் தன் உதவிக் குறிப்புகளில் இதற்கு ஒரு செய்முறை தந்தது. கண்ணுக்குத் தெரியாத ஃபார்ம் ஒன்று, டேட்டாபேஸ் திறக்கும்போதே பின்னால் திறந்துகொள்ளும். அதில் ஒரு டைமர். 1000 மில்லி விநாடிக்கு, அதாவது விநாடிக்கு ஒருமுறை விழிக்கும். விழித்ததும் இரண்டு கேள்வி: இப்போது திரையில் முன்னால் இருப்பது எந்த ஃபார்ம்? அதில் கர்சர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது? போன தடவை பார்த்தபோது இருந்த இடத்திலேயே இருந்தால், கணக்கில் ஒரு விநாடி கூடும். மாறியிருந்தால் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பும். கணக்கு ஐந்து நிமிடத்தைத் தொட்டால், ஆள் இல்லை.

அழகான செய்முறை, பத்து இருபது வரியில் முடிந்துவிடும். ஆனால் அது ஆளைப் பார்க்கவில்லை, கர்சரைப் பார்க்கிறது. புகார்க் கடிதம் ஒன்றை ‘குறிப்பு’ என்ற ஒரே கட்டத்தில் கால் மணி நேரமாக மாங்கு மாங்கென்று தட்டிக்கொண்டிருப்பவர், கட்டம் மாறாததால், அதன் கணக்கில் சும்மா இருப்பவர். நீண்ட அறிக்கையைத் திரையில் வைத்து வரி வரியாகச் சரிபார்க்கும் கணக்காளரும் சும்மா இருப்பவர்தான். வேலையே செய்யாமல் இரண்டு கட்டங்களுக்கு நடுவே டேப் விசையைத் தட்டிக்கொண்டிருப்பவர் மட்டும் மும்முரமானவர்.

இதைச் சரிசெய்ய வேறொரு வழி, விண்டோஸையே கேட்பது. கடைசியாக விசைப்பலகையோ மவுஸோ எப்போது அசைந்தது என்பதை விண்டோஸ் 2000 காலத்திலிருந்து அது சொல்லும். கடிதம் தட்டுபவர் இப்போது பிழைத்தார். ஆனால் கோளாறு மறுபக்கம் புரண்டுவிட்டது. காலையில் ஆக்சஸைத் திறந்து ஒதுக்கிவிட்டு, மூன்று மணி நேரமாக எக்செல்லில் மூழ்கியிருப்பவர் விண்டோஸ் கணக்கில் சுறுசுறுப்பானவர். அவர் துண்டு டேட்டாபேஸில் அசையாமல் கிடக்கும்.

எதை அளந்தாலும் அதற்கு ஒரு ஏமாற்று வழி பிறந்துவிடுகிறது. மவுஸை அவ்வப்போது தானாக அசைக்கும் சின்னக் கருவிகள் கடைகளில் விற்கின்றன. விநாடி முள் ஓடும் கைக்கடிகாரத்தின் மேல் மவுஸை வைத்துவிட்டுப் போகும் சிக்கனக்காரர்களும் உண்டு. முள் நகர நகர, அடியில் இருக்கும் ஒளிக்கண் கை அசைவதாக நம்பிவிடும். 2024-இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகை இயங்குவதுபோல் போலித் தோற்றம் உண்டாக்கியதற்காகப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பிய செய்தி வெளியானது. அது மேற்பார்வைச் சண்டை, டேட்டாபேஸ் சங்கதி அல்ல. ஆனால் ஏமாந்தது அதே மாதிரி அளவுகோல்.

சரி, ஆள் இல்லை என்று முடிவாகிவிட்டது. உடனே மூடிவிடலாமா? ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மூடுவதுதானே நாகரிகம். புதிதாக நிரல் எழுதுபவர் இங்கேதான் தவறாமல் சறுக்குவார். “ஐந்து நிமிடமாக வேலை எதுவும் நடக்கவில்லை, மூடப்போகிறேன்” என்று சாதாரணச் செய்திப் பெட்டி ஒன்றைத் திரையில் போடுவார். அந்தப் பெட்டியின் குணம், யாராவது ஓகே பொத்தானை அழுத்தும்வரை நிரலை அந்த வரியிலேயே நிறுத்தி வைப்பது. அழுத்த வேண்டியவரோ பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறார். இல்லாத ஆளிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிரல் இரவு முழுவதும் நிற்கும். டேட்டாபேஸும் திறந்தே கிடக்கும். அடிபட்டுக் கற்றவர்கள் செய்திப் பெட்டிக்குப் பதிலாக, விநாடிகளை இறங்குமுகமாக எண்ணும் தனி ஃபார்ம் ஒன்றைக் காட்டுவார்கள். பதில் வந்தால் நிற்கும். வராவிட்டால் பூஜ்யத்தில் மூடிக்கொள்ளும்.

எத்தனை விநாடி அவகாசம் நியாயம்? இணையப் பக்கங்கள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதற்காக டபிள்யூ3சி அமைப்பு 2008-இல் வெளியிட்ட நெறிமுறை இதைப் பற்றிப் பேசுகிறது. நேரம் முடியப்போகிறது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஸ்பேஸ் பாரைத் தட்டுவது போன்ற எளிய செயலால் நேரத்தை நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி தர வேண்டும். அப்படிக் குறைந்தது பத்து முறையாவது நீட்டிக்க விட வேண்டும். கை நடுங்குபவர், திரையைக் காதால் கேட்டுப் படிக்கும் பார்வையற்றவர், மெதுவாக வாசிப்பவர் ஆகியோரை நினைத்து எழுதிய விதி. அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் ஆக்சஸ் ஃபார்மை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதைப் படித்துவிட்டு டைமர் எழுதுபவர் ஐந்து விநாடி அவகாசம் வைக்கமாட்டார்.

இதையெல்லாம் தாண்டியதும் வருவதுதான் உண்மையான தலைவலி. மூடும்போது அந்தப் பாதி வேலையை என்ன செய்வது?

ஒரு பில் பாதியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் பெயர் இருக்கிறது, பொருள் இருக்கிறது, எண்ணிக்கையில் 12 என்று தட்டியாயிற்று. விலை இன்னும் தட்டவில்லை. ஆக்சஸின் இயல்பு, ஃபார்ம் மூடும்போது எழுதிய மட்டும் சேமித்துவிடுவது. அப்படியானால் விலையில்லாத பில் ஒன்று நிஜப் பதிவாகக் கணக்கில் ஏறிவிடும். மாத முடிவில் கூட்டல் உதைக்கும். விலைக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று விதி போட்டிருந்தால் சேமிப்பு தடைப்படும். அப்போது நடப்பது இன்னும் விபரீதம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த ஆக்சஸ் வல்லுநர் ஆலன் பிரவுன் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாக எச்சரித்து எழுதிவந்தார். நிரல் வழியாக ஃபார்மை மூடும் கட்டளை, சேமிக்க முடியாத பதிவைச் சத்தமே இல்லாமல் எறிந்துவிட்டு மூடிக்கொள்ளும். பிழைச் செய்தி வராது. பயனருக்கு, தான் எழுதியது உள்ளே போய்விட்டது என்ற நினைப்பு மட்டும் மிஞ்சும். அதனால் மூடுவதற்கு முன் ‘இப்போதே சேமி’ என்று தனியாக உத்தரவிட்டு, அது தோற்றால் என்ன செய்வது என்பதையும் எழுதி வைக்க வேண்டும் என்பார் அவர்.

பாதியைச் சேமிப்பதா, எறிவதா? கணினி தெரிந்தவர் தனியாக முடிவெடுக்கக் கூடாத கேள்வி இது. கணக்குப் பிரிவில் உட்கார்ந்து அவர்களைக் கேட்க வேண்டும். பில்லில் பாதி ஆபத்து. புகார்க் கடிதத்தில் பாதி பொக்கிஷம். சில அலுவலகங்களில் இரண்டுக்கும் நடுவழி ஒன்று கண்டிருக்கிறார்கள். தட்டும்போது எல்லாம் ஊழியரின் சொந்தக் கணினியில் உள்ள தற்காலிக அட்டவணையில்தான் சேரும். ‘முடிந்தது’ என்று அழுத்தினால்தான் பொதுக் கோப்புக்குப் போகும். திடீரென்று மூடினாலும் கைப்பிரதி அவரிடமே இருக்கும். பொதுக் கணக்கில் அரைகுறை எதுவும் ஏறாது. வேலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் இப்படி அமைத்த இடங்களில் ஐந்து நிமிட டைமரைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை.

கவுன்ட்டர் வைத்த பெரிய டேட்டாபேஸ்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். அங்கே வெளியேற்றும் அதிகாரம் சர்வருக்கு உண்டு, அவ்வளவுதான். ஆரக்கிளில் ஒவ்வொரு பயனர் வகைக்கும் இத்தனை நிமிடம் சும்மா இருக்கலாம் என்று எழுதி வைக்கலாம். கடந்தால், முடிக்காத மாற்றங்களைப் பின்வாங்கி, செஷனுக்கு ‘ஸ்னைப்டு’ என்று முத்திரை குத்தும். உள்ளான் என்ற நீர்நிலைப் பறவைக்கு ஆங்கிலத்தில் ஸ்னைப் என்று பெயர். சட்டென்று பறந்துவிடும் அதைக் குறிபார்த்துச் சுடுபவரிடமிருந்துதான் ஸ்னைப்பர் என்ற சொல்லே வந்தது. வேடிக்கை என்னவென்றால், இங்கே சுடப்பட்ட பறவை உடனே விழுவதில்லை. செஷன் பட்டியலில் அந்த முத்திரையோடு தொங்கிக்கொண்டிருக்கும். ஆள் திரும்பி வந்து அடுத்த கட்டளையைக் கொடுக்கும்போதுதான் ஓஆர்ஏ-02396 என்ற பிழை எண்ணோடு, அனுமதித்த நேரம் கடந்துவிட்டது, மீண்டும் இணையுங்கள் என்ற பதில் வரும். இன்னொரு பொறியும் உண்டு. நிமிடக் கணக்கை எழுதி வைத்தால் மட்டும் போதாது. வரம்புகளை அமல்படுத்து என்ற வேறொரு அமைப்பையும் இயக்க வேண்டும். பழைய பதிப்புகளில் யாரும் தொடாவிட்டால் அது அணைந்தே இருக்கும். விதி எழுதிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தவர்கள் அனேகம் பேர்.

மைஎஸ்க்யூஎல்லில் யாரும் மாற்றாவிட்டால் சும்மா இருக்கும் இணைப்புக்கு ஆயுள் 28,800 விநாடி. சரியாக எட்டு மணி நேரம். மாலை ஆறு மணிக்கு ஓய்ந்த இணைப்பு நள்ளிரவு இரண்டுக்குச் செத்துவிடும். காலையில் வரும் முதல் ஆள் ஒரு பட்டனைத் தட்டியதும், சர்வர் போய்விட்டது என்ற பிழை வரும். இரண்டாவது ஆளுக்கு எல்லாம் சரியாக ஓடும். முதல் ஆள் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள்.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இதில் நுட்பமான ஒரு பிரிவினை செய்தது. சும்மா இருப்பவர் ஒரு ரகம். வேலையைத் தொடங்கிவிட்டு, முடிக்காமல், நடுவில் சும்மா இருப்பவர் இன்னொரு ரகம். முதல் ரகம் துண்டு போட்டவர். இரண்டாம் ரகம், டிக்கெட் கவுன்ட்டரில் பணத்தை எடுத்து நீட்டியபடியே கைபேசியில் பேசத் தொடங்கியவர். பின்னால் வரிசை நகராது. இப்படிப் பாதியில் நிற்பவர் போட்ட பூட்டுகள் விலகா. பழைய பதிவுகளைத் துடைத்து இடத்தை மீட்கும் வேலையும் அவரால் தடைப்பட்டு, அட்டவணை வீங்கிக்கொண்டே போகும். எனவே 2016-இல் வந்த 9.6 பதிப்பில் இந்த இரண்டாம் ரகத்தைத்தான் முதலில் வெளியேற்றக் கற்றார்கள். வெறுமனே சும்மா இருப்பவரை வெளியேற்றும் வசதி 2021-இன் 14-ஆம் பதிப்பில்தான் வந்தது. இரண்டும் கேட்டால்தான் இயங்கும். கேட்காதவரை அணைந்தே இருக்கும்.

சும்மா இருப்பவர் ஒருபுறம். செத்தே போனவர் மறுபுறம். ஒரு கணினியின் மின்சாரம் போய்விட்டால் அது விடைபெற்றுக்கொள்வதில்லை. மறுமுனையில் இருக்கும் சர்வருக்கு, பேசாத ஆளும் இல்லாத ஆளும் ஒன்றுபோலவே தெரிவார்கள். அவ்வப்போது தட்டிப் பார்த்து “இருக்கிறாயா?” என்று கேட்கும் ஏற்பாடு இணைய நெறிமுறையிலேயே உண்டு. ஆனால் 1989-இல் எழுதிய அதன் விதி, யாரும் மாற்றாதபோது இரண்டு மணி நேரத்துக்கு முன் தட்டக் கூடாது என்கிறது. லினக்ஸ் இன்றும் அந்த 7200 விநாடியைத்தான் வைத்திருக்கிறது.

எத்தனை நிமிடம் என்ற கேள்விக்குப் பாதுகாப்புத் துறையினர் தரும் விடைகள் குறுகலானவை. வங்கி அட்டை விவரங்களைக் கையாளும் நிறுவனங்களுக்கான பிசிஐ விதிமுறை, 15 நிமிடம் சும்மா இருந்தால் மீண்டும் கடவுச்சொல் கேட்கச் சொல்கிறது. அமெரிக்க மருத்துவத் தகவல் சட்டமான ஹிப்பாவின் பாதுகாப்பு விதியிலும் தானாக வெளியேற்றுவது ஒரு அம்சம். நிமிடக் கணக்கை மட்டும் அந்தந்த மருத்துவமனையிடமே விட்டுவிட்டது. திறந்து கிடக்கும் திரையில் நோயாளியின் விவரம் யார் கண்ணிலும் படலாம் என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் மருத்துவமனையில் ஐந்து நிமிடம் திரையைத் தொடாத டாக்டர் பெரும்பாலும் நோயாளியைத் தொட்டுக்கொண்டிருப்பார். ராஸ் காப்பெல், ஷான் ஸ்மித் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட கட்டுரை, இதற்கு மருத்துவமனைகள் கண்டுபிடித்த குறுக்கு வழிகளைத் தொகுத்தது. ஆள் எதிரே இருக்கிறாரா என்று உணரும் கருவியின் மேல் தெர்மோகோல் கப்பைக் கவிழ்த்து வைக்கிறார்கள். கருவிக்கு எப்போதும் யாரோ நிற்பதாகவே படும். ஓரிடத்தில், குழுவிலேயே ஆக இளையவருக்கு ஒரு தனிப் பொறுப்பு: எல்லோருடைய கணினிக்கும் போய் ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே இருப்பது. படித்து வந்த மருத்துவப் படிப்பில் அது எத்தனையாவது பாடமோ!

அந்தக் கப் ஊழியர்களின் சோம்பலைக் காட்டவில்லை; நிமிடத்தைக் குறித்தவர் வார்டுக்கு வந்து பார்க்கவில்லை என்பதைக் காட்டுகிறது. ஆக்சஸ் ஓடும் சிறு அலுவலகத்துக்கு ஒரு சௌகரியம், நிமிடத்தைக் குறிப்பவரும் அதே அறையில் உட்கார்ந்திருப்பது. பகலில் அரை மணி நேரம், ஆறரை மணிக்குமேல் ஐந்து நிமிடம் என்று பிரித்து வைப்பது அங்கே ஒரு வரி வேலை. விண்டோஸைப் பூட்ட விண்டோஸ் விசையோடு எல் எழுத்தை அழுத்தச் சொல்லிக்கொடுத்தால், பிறர் கண்ணில் படும் கவலை அதோடு தீரும். டேட்டாபேஸை அதற்காக மூட வேண்டியதில்லை.

நம் ஊழியரும் இப்படி ஒரு டைமரைச் சேர்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். கூடவே இன்னொரு ஏற்பாடும் தேவைப்படும். அவசரத்துக்கு எல்லோரையும் ஒரே நேரத்தில் வெளியே வரவைப்பதற்கு. இதற்கும் மைக்ரோசாஃப்ட் குறிப்பு ஒன்று உண்டு. பொது ஃபோல்டரில் பெயருக்கு ஒரு வெற்றுக் கோப்பு இருக்கும். ஒவ்வொரு கணினியிலும் மறைந்திருக்கும் ஃபார்ம் அது இருக்கிறதா என்று குறிப்பிட்ட இடைவெளியில் எட்டிப் பார்க்கும். ஊழியர் அதன் பெயரை மாற்றினால் போதும். கோப்பைக் காணோம் என்றதும் எல்லாத் திரைகளிலும் விநாடி எண்ணத் தொடங்கும்; வேலையைச் சேமித்துக்கொண்டு ஒவ்வொன்றாக மூடும். ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தால், கடைசிக் கணினி மூடிய நொடியில் லாக் ஃபைல் மறைவது தெரியும். பிறகு காம்பாக்ட், நகல், விளக்கை அணைப்பது, வீடு.

காலை ஒன்பதேகாலுக்கு அவர் போன் அடிக்கிறது. “தம்பி, ஆக்சஸைத் திறந்தா தானா மூடிக்குது. எனக்கு மட்டும் இல்லப்பா, எல்லாருக்கும்தான். நேத்து என்ன பண்ணீங்க?”

அந்த வெற்றுக் கோப்பின் பெயரைத் திரும்ப மாற்றாமலே அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார்.